ஜூனிப்பர் ஊற்றில் கேட்ட குரல்

ஆல்மா ஓடை, யூட்டா
1892 மார்ச் 14

அன்புத் தங்கை திர்சாளுக்கு,

தேவ கிருபையால் நாங்கள் நலம். உன் அண்ணன் சாத்ராக் பிம் சொல்ல, எங்கள் சபைக் குமாஸ்தா சகோதரர் லோரின் டங்க்லி கிருபையோடு எழுதித் தருகிறார். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஒரு தடவை காதில் விழுந்தது எனக்குள்ளிருந்து போகாது என்பதும் தெரியும்.

நீ நம் சபையைப் பழித்துச் சாக்ரமென்டோ பத்திரிகையில் மூன்று வாரம் எழுதியதை பிஷப் லம்பர்ட் வீட்டில் உரக்க வாசித்தார்கள். ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். வாசித்து முடிந்ததும் ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவன் நான்தானே. பிஷப் பதில் புத்தகம் ஒன்று போடப்போகிறார். அதற்கு முன்னால் நான் உனக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

நம் வேதம் பொறித்திருந்த தங்கத் தகடுகளை யார் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். நான் பார்க்கவில்லை. அப்பா பார்க்கவில்லை. அப்பாவின் வயிற்றில் பாய்ந்த தோட்டாவை நீயும்தான் பார்க்கவில்லை, மாவுப் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்திருந்தாய். தோட்டா வந்ததா இல்லையா?

ஒருவனுக்குப் பல மனைவிகள், எங்கள் பெண்கள் தொழுவத்து மாடுகள் என்று எழுதியிருக்கிறாய். என் இரண்டாம் மனைவி கெத்சியாளிடம் சொன்னேன். மூத்தவள் ரூத் இறந்து எட்டு வருஷம் ஆகிறது, இப்போது எனக்கு இவள் ஒருத்திதான். "உங்க தங்கச்சி ஒரு நாள் இங்க வந்து இருக்கட்டும். இந்த வீட்ல யார் மாடு, யார் மேய்க்கிறதுன்னு தெரிஞ்சிரும்" என்றாள். டங்க்லி சிரித்துவிட்டு இதை எழுதலாமா என்று கேட்டார். எழுதும் என்றேன்.

கொலைகாரர்கள் என்று எழுதியதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. மிசௌரியை மறந்துவிட்டாயா? எனக்கு வயது பதினான்கு, உனக்கு ஆறு. அக்டோபர் மாதம், மாவு ஆலை. நம் சபையாரைத் துரத்த வந்த அறுபது குதிரைக்காரர்கள். நம் ஆட்கள் ஆலைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். அப்போது வெளியிலிருந்து ஒரு குரல். பக்கத்து நிலத்துக்காரன் ஜோசையா கிரெக்கின் குரல். அந்த வருஷம்தான் அப்பா அவனுக்கு ஓட்ஸ் அறுத்துக் கொடுத்திருந்தார். "ஏனோக்கு, நான்தாம்பா. வெளிய வா, ஒண்ணும் செய்ய மாட்டாங்க. பேசிக்கலாம்." அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். வெளியே போனார். வாசற்படியிலிருந்து நான்கு அடி. சுட்டார்கள். பிறகு துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் இடித்தார்கள், பல் தெறித்து என் காலருகே வந்து விழுந்தது. அவர்கள் போன பிறகு அம்மா கட்டத் துணி கிடைக்காமல் காயத்தில் மாவை அள்ளி அள்ளி வைத்து அடைத்தாள். ரத்தத்தில் மாவு பிசைந்தது போல் ஆனது. அப்பா அரைமணி நேரம் உயிரோடிருந்தார். இதை உன் பத்திரிகையில் எந்த வாரம் எழுதப்போகிறாய்?

உன் புருஷன் கால்வினை நாங்கள் கொன்றோம் என்று எழுதியிருப்பதற்கு முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்பே உனக்குப் பதில் வந்துவிட்டது. 1859ல் சான் பெர்னார்டினோவில் நான் அவனைக் கண்ணால் பார்த்தேன். மஞ்சள் முடிக்காரி ஒருத்தியோடு இருந்தான். அதையே சத்தியப் பத்திரமாகப் பிஷப் புத்தகத்தில் சேர்க்கிறார். நான் கைநாட்டு வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. செத்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் வாத்துகளைப் போலத் தொட்டியில் முங்குகிறார்கள் என்று கேலி செய்திருக்கிறாய். யாருக்காக முங்கினேன் என்று தெரிந்துகொள். 1879ல் தெற்கே ஆலயத்தில் நம் சொந்தக்காரர்கள் பதினொரு பேருக்காக ஞானஸ்நானம் எடுத்தேன். அப்பா, தாத்தா, சித்தப்பாக்கள். கிருபை எல்லோருக்கும் உண்டு என்று உன் கால்வினையும் சேர்த்தேன். அவன் எங்கே கிடந்து செத்தானோ, அவனுக்கும் வாசல் திறந்திருக்கட்டும். ஆலயத்தில் கொடுத்த தாளைப் பார்த்துக் கெத்சியாள் ஒன்றுவிடாமல் பிரதி எடுத்து உறைக்குள் வைத்திருக்கிறாள். வாசித்துப் பார், பிறகு சிரி.

கிருபை உன்னோடு இருப்பதாக.

உன் அண்ணன்
சாத்ராக் பிம் (கைநாட்டு)


சாக்ரமென்டோ
1892 ஏப்ரல் 3

சாத்ராக் அண்ணனுக்கு,

உன் கடிதத்தில் கிருபை நான்கு இடத்தில் வருகிறது. மிசௌரியிலிருந்து நடந்து வந்த அந்தக் குளிர்காலம் முழுவதும் உன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே ஆசீர்வாதம் "சனியனே, நடடி" என்பதுதான். கிருபை எல்லாம் டங்க்லியுடையது. அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

நான் எதையும் மறக்கவில்லை. மாவுப் பெட்டிக்குள் இருந்து கண்ணால் பார்க்கவில்லை என்பது உண்மை. காதை யார் மூடினார்கள்? கிரெக்கின் குரல் எனக்கும் கேட்டது. அறுபது வயதாகிறது, இன்றைக்கும் யாராவது வாசலில் நின்று அன்பாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதலில் பின்கதவைத்தான் பார்க்கிறேன். அப்பாவைக் கொன்றவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். உங்களிடம் யார் என்ன கேட்டாலும் அப்பாவின் பிணத்தைத் தூக்கிக் குறுக்கே போடுகிறீர்கள். அவரை இனிமேலாவது படுக்க விடுங்கள்.

1857ல் நடந்ததை நான் சொல்கிறேன், நீ சரிபார். அமெரிக்கப் படை நம்மை அழிக்க வருகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. நம் ஊர்க் காவல்படைக் காப்டன் ஸ்லோகம் வீடுவீடாக வந்து, நீ விசுவாசியா, யாரோடு பேசினாய், என்ன நினைக்கிறாய் என்று கேட்டுக்கொண்டு போனார். கால்வினிடமும் கேட்டார். "என்ன நினைக்கிறேன்னு என் பொண்டாட்டிக்கே நான் சொல்றதில்ல காப்டன்" என்றார். அத்தோடு எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அக்டோபர் 9, காலையில், ஒரு கழுதையோடு கிளம்பினார். கலிஃபோர்னியாவில் ஒரு இடம் பார்த்துவிட்டுப் பிள்ளை பிறப்பதற்குள் வந்து என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். எனக்கு ஏழரை மாதம்.

வரவில்லை. ஓடிப்போய்விட்டான் என்றீர்கள். கைக்குழந்தையோடு நானே கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினேன். அப்புறம் சான் பெர்னார்டினோவில் பார்த்ததாக உன் கடிதம் வந்தது. அங்கே மூன்று மாதம் இருந்தேன், அண்ணா. ஒவ்வொரு குதிரை லாயத்திலும் நுழைந்து, பிடில் வாசிக்கிற தச்சன் ஒருவர் மஞ்சள் முடிக்காரியோடு வந்தாரா என்று கேட்டேன். லாயக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் தன் தலையைக் காட்டி, "என் முடியும் மஞ்சள்தான், பரவால்லையா" என்றான்.

என் மகன் அமோரிக்கு இப்போது முப்பத்து நான்கு. அம்மாவை வயிற்றுப் பிள்ளையோடு விட்டுவிட்டுப் போனவன் பெயர் எனக்கு வேண்டாம் என்று வெட்மோரை எடுத்துவிட்டான். கடைப் பலகையில் அமோரி பிம் என்று இருக்கிறது. உன் பெயரைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறான்.

கொன்றார்கள் என்று நான் எழுதியது நிச்சயமாகத் தெரிந்து அல்ல. விட்டுவிட்டுப் போனார் என்பதைவிட அதைத் தாங்க முடிந்தது, அதனால் எழுதினேன். எனக்கு உன்னிடம் ஒரே கேள்விதான். கால்வின் என்னை விட்டுவிட்டுப் போனாரா?

நீ அனுப்பிய பட்டியலைப் பிரிக்கவில்லை. மேசை டிராயரில் கிடக்கிறது. வாத்துகளின் பெயர் எனக்கு எதற்கு?

திர்சாள் வெட்மோர்


ஆல்மா ஓடை
1892 மே 1

தங்கை திர்சாளுக்கு,

சாத்ராக் பிம் சொல்ல, லோரின் டங்க்லி எழுதியது.

உன் கடிதத்தைப் பிஷப்பும் கேட்டார். கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். புத்தகம் ஜூன் கடைசியில் அச்சுக்குப் போகிறது என்று மட்டும் சொன்னார்.

நீ ஏழரை மாத வயிற்றைச் சொல்கிறாய். இரண்டாயிரத்து ஐந்நூறு சிப்பாய்கள் வந்துகொண்டிருந்ததை ஒரு வரியில் முடித்துவிட்டாய். நம்மை ஒரு தடவை அல்ல, மூன்று தடவை வீட்டை விட்டுத் துரத்தியிருந்தார்கள். எங்கள் கைகள் அந்த வருஷம் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தன. நடுங்குகிற கையைப் பற்றி வெளியூரில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவது சுலபம்.

மறுபடியும் சொல்கிறேன், எழுதிவைத்துக்கொள். 1859, ஆகஸ்ட். சான் பெர்னார்டினோவில் உப்பு இறக்கப் போயிருந்தேன். கால்வின் ஒரு கொல்லன் பட்டறை வாசலில் நின்றான். சாம்பல் நிறக் கழுதை, இடது காது கிழிந்தது. நீலச் சட்டை. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பெண் அவன் தோளில் கை வைத்திருந்தாள். இதற்குத்தான் கைநாட்டு வைக்கப்போகிறேன். அதற்குள் நீ பத்திரிகையில் தவறு என்று ஒரு வரி போட்டுவிட்டால் புத்தகத்தில் உன் பெயரை விட்டுவிடுவதாகப் பிஷப் சொல்கிறார். உன்னை ஊர் முழுக்க நாறடிப்பதில் எனக்கு என்ன சந்தோஷம்?

இதை எழுத வேண்டாம் என்று டங்க்லி சொன்னார், நான்தான் எழுதச் சொல்கிறேன். பையனுக்கு யார் முகம்? உன் முகமா, அவன் முகமா?

சாத்ராக் (கைநாட்டு)


சாக்ரமென்டோ
1892 மே 13

சாத்ராக்,

நேற்று டிராயரைத் திறந்தேன். உன்னைத் திட்டி எழுதத் தாள் எடுக்கத்தான். பட்டியல் கையில் வந்தது. கெத்சியாளின் எழுத்து அழகாக, தெளிவாக இருக்கிறது.

ஒன்பதாவது வரியை அப்படியே எழுதுகிறேன். உனக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

"கால்வின் அமோரி வெட்மோர். பிறப்பு: 1829 பிப்ரவரி 20, வெர்மான்ட். இறப்பு: 1857 அக்டோபர் 11, ஜூனிப்பர் ஊற்று. ஞானஸ்நானம்: 1879 மார்ச் 4, சாத்ராக் பிம் மூலமாக. உறவு: தங்கை கணவர்."

அக்டோபர் 11. கிளம்பி இரண்டாவது நாள்.

அந்த நாளை நான் உனக்குச் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அந்த இடத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உனக்கு யார் சொன்னது? 1857ல் செத்தவர் 1859ல் கழுதையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பட்டறை வாசலில் நின்றார்?

டங்க்லியின் கையில் பதில் எழுதாதே.

திர்சாள்


ஆல்மா ஓடை
1892 ஜூன் 20

திர்சாளுக்கு,

இதை எழுதுவது கெத்சியாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். 1861ல் என்னைக் கட்டிக்கொண்டவள், இன்றுவரை அவளுக்கும் தெரியாது. இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். இப்போது மூன்றாவது தடவை உட்கார்ந்திருக்கிறாள்.

கால்வின் உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை. முதலில் அதைச் சொல்லித் தொலையுங்கள் என்றாள் கெத்சியாள். சொல்லிவிட்டேன்.

அவன் கிளம்பிய மறுநாள் காப்டன் ஸ்லோகம் என் சோளக் கொட்டகைக்கு வந்தார். "உன் தங்கச்சி புருஷன் படைக்காரனுக்கு வழி காட்டப் போறான். கணவாய்ல எத்தனை துப்பாக்கி, சோளத்தை எங்க புதைச்சிருக்கோம், எல்லாம் அவனுக்குத் தெரியும்" என்றார். பிள்ளை பிறக்கும் முன் வந்துவிடுவான் என்றேன். "வருவான். தனியா வரமாட்டான்" என்றார். அப்புறம் கேட்டார்: "உங்கப்பன் வயித்துல மாவு வச்சு அடைச்சதை மறந்துட்டியா சாத்ராக்?" கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறோம் என்றார். நம்பினேன். நம்பியதாக இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான்கு பேர் போனோம். ஸ்லோகம், மைலோ காப், ஆர்சன் டே, நான். ஸ்லோகமும் டேயும் செத்துவிட்டார்கள். மைலோ எங்கள் சபையில் முதல் வரிசையில் உட்காருகிறான்.

11ஆம் தேதி காலையில் ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். கழுதை கட்டியிருந்தது. நெருப்பில் காப்பிச் சட்டி. அவன் இல்லை. குதிரைச் சத்தம் கேட்டு ஜூனிப்பர் மரங்களுக்குள் போயிருந்தான். ஸ்லோகம் என்னைப் பார்த்தார். "நாங்க கூப்பிட்டா வரமாட்டான். நீ கூப்பிடு." நான் கூப்பிட்டேன். அவன் வெளியே வந்தான்.

டே பாறைக்குப் பின்னாலிருந்து சுட்டான். குண்டு விலாவில் பட்டது. ஊற்றுக்குள் மண்டிபோட்டு விழுந்தான். மைலோ துப்பாக்கிக் கட்டையால் தோளிலும் வாயிலும் இடித்தான். அப்போதும் சாகவில்லை. கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். ஸ்லோகம் கைக்கோடாரியை என் கையில் வைத்தார். "உன் குரலுக்குத்தான் வந்தான். உன் கையும் இருக்கட்டும். நாளைக்கு நம்மள்ல ஒருத்தனும் வாயைத் திறக்கக்கூடாது." நான் கோடாரியைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் அடித்தேன். முதல் அடியில் போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது அடியில் போனான். மண்டையோடு உடைகிற சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது, அதை உனக்கு எழுத வேண்டாம் என்று கெத்சியாள் சொல்கிறாள். அன்றைக்கு எங்கள் குதிரைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

சபையை விட்டுப் போகிறவனின் கழுத்தை அறுக்கும் உபதேசம் எங்களிடம் உண்டு, அந்த உபதேசப்படிதான் கொன்றிருப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அங்கே எந்த உபதேசமும் வரவில்லை. யாரும் வேதம் சொல்லவில்லை, ஜெபம் பண்ணவில்லை. பயந்த ஆட்கள் நான்கு பேர், ஒரு கைக்கோடாரி. அவ்வளவுதான்.

ஊற்றுக்கு மேலே, இரட்டை ஜூனிப்பருக்கு நடுவில் குழி. மேலே கற்கள். கற்களை நான்தான் அடுக்கினேன். நரி தோண்டாது.

பிறகு நீ கலிஃபோர்னியாவில் சிப்பாய் முகாமில் விசாரிக்கிறாய் என்று ஸ்லோகத்துக்குத் தெரிந்தது. சான் பெர்னார்டினோ கடிதம் அப்படி வந்தது. மஞ்சள் முடி நானாகச் சேர்த்தது. கழுதையின் காது மட்டும் உண்மை.

ஆலயத்தில் குமாஸ்தா கேட்டார்: எப்போது பிறந்தார், எப்போது இறந்தார், எங்கே? பொய் சொல்ல நாக்கு வந்தது. ஆனால் ஏட்டில் நாள் தப்பாக இருந்தால் அந்தச் சடங்கு அந்த ஆளுக்குப் போய்ச் சேராது, அந்தப் பக்கம் வாசலில் நின்றுகொண்டே இருப்பான் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னேன். அவர் எழுதினார். எழுதியதை வாசிக்க எனக்குத் தெரியாது. கடவுளிடம் பொய் சொல்லப் பயந்தேன், உன்னிடம் சொல்லப் பயப்படவில்லை. பன்னிரண்டு எருதுச் சிலைகள் தாங்குகிற தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். மூப்பர் கையைத் தூக்கி, "கால்வின் அமோரி வெட்மோருக்காக, இறந்துபோனவருக்காக" என்று சத்தமாகச் சொல்லி என்னை முக்கினார். எல்லோரும் கண்ணை மூடுவார்கள். நான் திறந்து வைத்திருந்தேன். மேலே வந்தபோது மூச்சு முட்டி இருமினேன். தண்ணிக்குப் பயந்த ஆளு என்று கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இதனால் தகடுகள் பொய், ஆலயம் பொய் என்று எழுதுவாயானால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் விசுவாசம் என்னோடு இருக்கிறது. நான் கொன்றதும் என்னோடு இருக்கிறது. ஒன்றை வைத்து ஒன்றை அழிக்க எனக்குத் தெரியவில்லை.

சத்தியப் பத்திரம் மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைக்கவில்லை. இந்தக் கடிதத்தை நீதிபதியிடம் கொடுப்பதானால் கொடு.

சாத்ராக் (கைநாட்டு)


சாக்ரமென்டோ
1892 ஜூன் 29

சாத்ராக்,

வாசித்தேன். கெத்சியாளுக்கு நன்றி சொல்.

ஒரு இடத்தில் நழுவியிருக்கிறாய். "நான் கூப்பிட்டேன். அவன் வெளியே வந்தான்." கால்வின் முட்டாள் இல்லை. நான்கு குதிரைச் சத்தம் கேட்டு ஒளிந்தவர், வெறுமனே பெயரைச் சொன்னதற்கு வெளியே வந்திருக்க மாட்டார். அப்பா எப்படி வெளியே போனார் என்ற கதையை நான் அவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

என்ன சொல்லிக் கூப்பிட்டாய்? ஒரு வார்த்தை விடாமல் எழுது. காதில் விழுந்தது உனக்குள்ளிருந்து போகாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

அவர் ஏதாவது சொன்னாரா என்பதையும்.

திர்சாள்


ஆல்மா ஓடை
1892 ஜூலை 18

திர்சாளுக்கு,

கெத்சியாள்தான் எழுதுகிறாள். இந்தத் தடவை கைநாட்டு இடது கையால். வலது முன்கை உடைந்திருக்கிறது.

ஜூலை 7 வியாழக்கிழமை உபவாசக் கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். சுரம் போனதற்கும் மழை பெய்ததற்கும் நன்றி சொல்லி நான்கு பேர் உட்கார்ந்தார்கள். நான் எழுந்தேன். உனக்கு எழுதியதையே சொன்னேன், நாள், இடம், நான்கு பெயர்கள். ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவில்லை. மைலோ காப் எழுந்து போனான். நம்மைக் குறை சொல்லும் புத்தகங்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறோம், என் தங்கை எழுதியதற்குப் பதில் நான்தான், என்றேன். உட்கார்ந்தேன்.

வாசலில் மைலோ வாய்க்கால் மண்வெட்டியோடு நின்றான். எழுபத்திரண்டு வயது. "இவ்ளோ வருஷம் வாயை மூடிட்டுத்தான இருந்த? இன்னும் ரெண்டு வருஷம் மூடியிருந்தா செத்தே போயிருப்போமேடா" என்றான். முகத்துக்கு வந்ததைக் கையால் தடுத்தேன். எலும்பு முறிந்தது. இரண்டாவது அடி வாயில். இருந்த பல்லில் இரண்டு போயிற்று. மூன்றாவது அடிக்கு மண்வெட்டியைத் தூக்கியவன் இருமல் வந்து அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கெத்சியாள் அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள். யாரும் குறுக்கே வரவில்லை. அந்த வாரமே என் வைக்கோல் எரிந்தது. என் தண்ணீர் முறையையும் நிறுத்திவிட்டார்கள், பீச் மரங்கள் இலை சுருட்டுகின்றன.

பிஷப் வீட்டுக்கு வந்தார். சத்தியப் பத்திரத்தை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. "உங்களை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல சகோதரர் பிம்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

இனி நீ கேட்டது. இதற்காகத்தான் மற்றதையெல்லாம் முன்னால் சொன்னேன்.

பெயரை மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டேன். வரவில்லை. ஸ்லோகம் எதுவும் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் கத்தினேன். "மாப்பிள்ளை, திர்சாளுக்கு வலி எடுத்துருச்சு. உன்னைக் கேக்குறா. சீக்கிரம் வா."

உடனே வந்தான். ஓடி வந்தான். தொப்பியை விட்டுவிட்டான், பூட்ஸ் கயிறு கட்டாமல் இழுபட்டது. என் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. "இவ்ளோ சீக்கிரமாவா மச்சான்? அவ நல்லா இருக்காளா?" என்றான்.

அதுதான் அவன் பேசியது. பதில் சொல்வதற்குள் டே சுட்டுவிட்டான்.

கிரெக்கின் குரலை ஒருநாளும் மன்னிக்க மாட்டேன் என்று பதினான்கு வயதில் அப்பாவின் பிணத்தின்மேல் கை வைத்துச் சொன்னவன் நான்.

சாத்ராக் (கைநாட்டு)


சாக்ரமென்டோ
1892 ஆகஸ்ட் 2

சாத்ராக்,

நீ எழுதியதை அமோரிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு கடைக்குப் போய்ப் பலகையைக் கழற்றினான். இப்போது வெட்மோர் என்று எழுதியிருக்கிறது, பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவனுக்கு யார் முகம் என்று கேட்டிருந்தாய். பார்த்தால் உனக்குத் தெரியும். பார்க்கத்தான் போகிறாய்.

எனக்கு உண்மையில் வலி எடுத்தது நவம்பர் 30. பதினேழு மணி நேரம். முழு நேரமும் அவர் பெயரைத்தான் சொல்லிக் கத்தினேன். பக்கத்து அறையில் நீ உட்கார்ந்திருந்தாய். வெந்நீர் கொண்டுவந்து வைத்தாய்.

உன் கடிதங்களைப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. நீதிபதிக்கு இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. முதலில் கற்களை எடுக்கிறோம். அவரை இங்கே கொண்டுவருகிறேன். அதற்குப் பிறகு மற்றதைப் பேசலாம், உன் தகடுகளைப் பற்றியும்.

16ஆம் தேதி மத்தியானம் மில்ஃபோர்டில் ரயிலைவிட்டு இறங்குவோம். கெத்சியாளை வரச் சொல், அவள் கையைப் பிடிக்க வேண்டும் எனக்கு. வண்டியும் இரண்டு மண்வெட்டியும் கொண்டுவா. உன் கை உடைந்திருப்பதால் அமோரி தோண்டுவான்.

அங்கே கூட்டம் அதிகமாக இருக்கும் என்கிறார்கள். முப்பத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு எப்படி அடையாளம் தெரியும் என்று யோசிக்காதே. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரோரமாக அசையாமல் நில். நானே கண்டுபிடித்து வருகிறேன்.

என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே.

திர்சாள் வெட்மோர்